கட்டைவிரல் இல்லாத நிறுவனம்

"எரிக்க முடியாதுங்க" என்றார் தகன மேடைப் பொறுப்பாளர்.

ஜீவரேகா அவரைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தாள். அதில் அவளுடைய அப்பா பொன்னுரங்கத்தின் படம். லாரி ஓட்டுநர் உரிமத்துக்காக எடுத்தது. சிரிக்கக் கூடாது என்று சொல்லியும் பாதி சிரித்திருந்தார். படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரே வரி.

‘கரிவரம்பு கடந்தவர். தகனத்துக்கு அனுமதி இல்லை.’

"என்னங்க, விளையாடறீங்களா? பொணத்த வெளியில வெச்சிருக்கேன்."

"என் கையில ஒண்ணும் இல்ல அம்மிணி. வரம்பு தாண்டினவங்களுக்கு உலை பத்தாது. நான் பட்டனை அமுக்கினாலும் பத்தாது. சந்தேகம்னா நீயே அமுக்கிப் பாரு."

அவள் அமுக்கிப் பார்த்தாள்.

பற்றவில்லை.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சங்ககிரி மயானத்தில் நிழலுக்கு என்று ஒரு வேப்பமரம்கூடக் கிடையாது. ஜீவரேகா வேலை பார்க்கும் தார்ப்பாய்ப் பட்டறையிலிருந்து எடுத்துவந்த பச்சைத் தார்ப்பாயை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி, அதன் கீழே கண்ணாடிப் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டியைச் சுற்றி ஓட்டுநர்கள். எல்லோரும் வாகை சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் ஆட்கள். பொன்னுரங்கத்தோடு ஒரே யார்டில் லாரி எடுத்தவர்கள்.

"என்னாச்சு?" என்றான் செங்கோடன். பொன்னுரங்கத்திடம் கிளீனராகச் சேர்ந்து ஓட்டுநரானவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது.

"அப்பாவுக்கு வரம்பு இல்லையாம்ணே."

ஓட்டுநர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கத்தில் குனிவது ஒரு மாதிரி இருக்கும். இது வேறு மாதிரி இருந்தது.

*

வாகை நிறுவனத்தின் வேன் மயானத்துக்குள் நுழைந்தபோது அதன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததை எல்லோரும் படித்தார்கள். ‘ஜீரோ புகை. நூறு சதம் பொறுப்பு.’

உள்ளேயிருந்து சாருலதா இறங்கினாள். நிறுவனத்தின் சூழல் அறிக்கைப் பிரிவுக்குத் தலைவி. ஐம்பதைத் தாண்டியவள். கையில் மலர் வளையம். வருடம் முழுக்க எந்த லாரி எவ்வளவு புகை விட்டது, அது யாருடைய புகை என்று தொகுத்து அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புவது அவள் வேலை. இந்த ஆண்டின் அறிக்கை அன்று மாலைதான் போக வேண்டும். தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக ‘ஜீரோ’. நாளைக்குச் சென்னையில் விழா.

வளையத்தை வைத்துவிட்டு, ஜீவரேகாவின் பக்கம் திரும்பினாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. கம்பெனி சார்பா அப்பாவை நம்ம நினைவுக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஏற்பாடு பண்ணியிருக்கோம். அவர் பேர்ல ஒரு மரம் வைப்போம். பெயர்ப்பலகையோட. உங்களுக்கு எந்தச் செலவும்..."

"மண்ணுல போடுவீங்களா?"

"ஆமா. அங்க மண்ணோட மண்ணா..."

"வேண்டாங்க மேடம்."

"நல்லா பராமரிக்கிற இடம்மா அது."

"நீங்க எவ்வளவு நல்லா பராமரிச்சாலும் வேண்டாங்க." ஜீவரேகாவின் குரல் உயரவில்லை. "அப்பா ஆத்து மணல் லோடு அடிச்ச காலத்துல ஒருதரம் லோடு சரிஞ்சு மூடிருச்சு. கை மட்டுந்தான் வெளியில தெரிஞ்சுதாம். அதைப் பாத்துத்தான் தோண்டி எடுத்தாங்க. அதுக்கப்பறம் மார்கழிக் குளிர்லகூடப் போர்வைய மூஞ்சிக்கு மேல இழுக்க மாட்டாரு. ‘கண்ணு, என்னை மண்ணுல மட்டும் போட்டுராத’ன்னு சொல்லிட்டே இருப்பாரு. எங்கிட்ட அவரு வேற எதுவும் கேட்டதில்லைங்க."

சாருலதா கையிலிருந்த பலகைக் கணினியைத் திறந்து பொன்னுரங்கத்தின் கணக்கைப் பார்த்தாள்.

சட்டம் எளிமையானது. டீசலில் ஒரு பொடி கலக்கிறார்கள். அது எரிந்தால் புகையில் ஒரு முத்திரை விழும். சாலையோர மோப்பக் கம்பங்கள் அந்த முத்திரையைப் படித்து, இன்ன லாரியின் புகை என்று சொல்லிவிடும். அந்த லாரியைக் கிளப்பியபோது திரையில் கட்டைவிரலை வைத்தது யாரோ, புகை அவர் கணக்கில் ஏறும். முடிவெடுத்தவர் சட்டம் என்று பெயர். புகை, முடிவெடுத்தவருக்கே சொந்தம்; நிறுவனத்துக்கு இல்லை. ஒவ்வொரு குடிமகனுக்கும் ஆயுளுக்கு இவ்வளவு என்று ஒரு கரிவரம்பு. தாண்டினால் லாரி கிளப்பத் தடை இல்லை; ஆனால் விமானம் இல்லை, ரயில் இல்லை, கேஸ் அடுப்பு இல்லை.

சிதையும் இல்லை. அந்த வரி சட்டத்தில் எங்கோ கடைசியில் இருந்தது. பட்டியல் போட்ட அதிகாரி யாரோ விறகையும் எரிபொருள் என்று சேர்த்துவிட்டிருந்தார்.

"இது எப்படி?" சாருலதாவின் புருவம் சுருங்கியது. "இவ்வளவு புகை ஒரு மனுஷன் ஓட்டி வராது. மூணு ஆயுசு ஓட்டினாலும் வராது."

"அவரு ஓட்டலைங்க" என்றான் செங்கோடன்.

"அப்புறம்?"

"கை வெச்சுக் குடுத்தாரு."

"யாருக்கு?"

செங்கோடன் சுற்றிலும் பார்த்தான். சுற்றியிருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"எல்லாருக்குந்தாங்க. என் வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ். வாரா வாரம் சேலம் போயாகணும். வரம்பு தாண்டிட்டா என்னை ரயில்ல ஏத்த மாட்டாங்க. இவன் பொண்ணு ராஜஸ்தான் கோட்டாவுல படிக்குது, இவன் ரயில்ல போய் விட்டுட்டு வரணும். அவன் கொழந்த இன்னும் பால்குடி, வீட்டுல அடுப்பு எரியணும். ரங்கண்ணன் ஊர்ல இருக்கற அன்னிக்கெல்லாம் கேட்ல வந்து நிப்பாரு. லோடு ஏத்தி முடிச்ச வண்டி வரிசையா வரும். ஒவ்வொரு ஸ்க்ரீன்லயும் எட்டி அவரு வெரலை வெப்பாரு. ‘எனக்கு எதுக்குடா வரம்பு? நான் என்ன பாரிஸுக்கா போகப்போறேன்? என் கணக்குதான் ஏற்கெனவே போயிருச்சே, இன்னும் கொஞ்சம் ஏறினா என்ன?’ன்னு சிரிப்பாரு."

"நீங்க யாரும் தடுக்கலையா?"

"எங்க யார்டுல கை வெச்சுக் குடுக்கறது பழக்கங்க. பீடிக்கு நெருப்புக் குடுக்கற மாதிரி." அவன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். "சாகறதுக்கும் கரி வேணும்னு யாருக்குங்க தோணுச்சு? அவருக்கே தோணலை."

சாருலதா திரையை மூடினாள். ஒரே நேரத்தில் சேலத்திலும் கரூரிலும் மதுரையிலும் லாரி ஓட்டிய ஒரு மனிதரை அவளுடைய கணினி பலமுறை காட்டியிருக்கிறது. இயந்திரக் கோளாறு என்று ஒதுக்கி வைத்திருந்தாள். ஒதுக்கி வைத்தால் ஜீரோ சரியாக வந்தது.

*

செங்கோடன்தான் முதலில் எழுந்தான்.

"மேடம், என் ட்ரிப்பெல்லாம் எம்பேருக்கே மாத்திருங்க. நாந்தான் ஓட்டினேன்னு எழுதித் தர்றேன்."

"என்னோடதும்" என்றான் இன்னொருவன். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். சிலர் எழுவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எழுந்தார்கள்.

"உக்காருங்கண்ணே எல்லாரும்" என்றாள் ஜீவரேகா.

"ரேகா, இது..."

"உக்காருங்கங்கறேன். நாளைக்கு அக்காவ எப்படிண்ணே சேலம் கூட்டிட்டுப் போவீங்க? முதுகுல தூக்கிட்டா?" அவள் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டாள். "அப்பா குடுத்தத நான் திருப்பி வாங்கினா, பெட்டிக்குள்ள இருந்தே எந்திரிச்சு வந்து என்னை அறைவாரு. எரிக்கறதுக்கு வேற வழி இருந்தாச் சொல்லுங்க. இல்லைன்னா நானே வெறகு வாங்கிட்டு வந்து ஏரிக்கரையில பத்த வெக்கறேன். புடிச்சு உள்ள போடட்டும்."

"பத்த வெச்சா முத்திரை இல்லாத புகைன்னு மோப்பக் கம்பம் காட்டிக் குடுத்துடும், ஆள் வந்து அணைச்சிடுவாங்கம்மா. பாதியிலேயே" என்றாள் சாருலதா மெதுவாக. "சேலத்துல ஒரு தடவை நடந்திருக்கு. நான் பாத்திருக்கேன். அதை மட்டும் பண்ணிடாதே."

ஜீவரேகா முதல் முறையாக அழுதாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அனுமதி மறுக்கப்பட்ட உடல் அன்று மாலைக்குள் மண்ணுக்குப் போயாக வேண்டும் என்பது விதி. நினைவுக்காட்டு வேனின் ஓட்டுநர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

சாருலதா போனை எடுத்தாள். "சார், நீங்க கொஞ்சம் இங்க வரணும்."

*

நிர்வாக இயக்குநர் சபாபதி வந்தார். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை, குறையாத மரியாதை. பெட்டியின் முன்னால் கண் மூடி நின்றார். நிஜமாகவே வருந்தினார் என்றுதான் தோன்றியது. பிறகு சாருலதாவைத் தனியாக அழைத்தார். அவள் நகரவில்லை. அதனால் எல்லோர் முன்னிலும் பேச வேண்டியதாயிற்று.

"சொல்லுங்க சாரு."

"இவர் எப்படி இறந்தார்னு பாத்தீங்களா சார்?"

"மாரடைப்பு. யார்டுல, வண்டிக்குள்ள."

"கொச்சியிலேருந்து வந்து எறங்கினவரைத் திரும்பவும் ஹைதராபாத் லோடுக்குக் கூப்பிட்டிருக்கோம். நடுவுல தூங்கவே இல்லை. ஸ்க்ரீன்ல ‘புறப்படலாமா?’ன்னு கேட்டிருக்கு. விரலை வெச்சிருக்கார். அதோட சாஞ்சுட்டார்."

"அவர் முடிவு அது. வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அடுத்த வாரம் வண்டி கெடைக்காதுங்க" என்றான் செங்கோடன். சபாபதி அவன் பக்கம் திரும்பி, கேட்டுக்கொண்டேன் என்பதுபோலத் தலையசைத்தார். அவ்வளவுதான்.

"ஒரு பிணம் எரிய எவ்வளவு கரி சார் ஆகும்?" என்றாள் சாருலதா. "நம்ம ஒரு லாரி திருச்சி போய் வர்ற புகைகூட இல்லை. ஆனா இவர் கணக்கு வரம்புக்குள்ள வந்தாத்தான் உலை பத்தும். அதுக்கு இவர் பேர்ல ஏறின லாரிப் புகை மொத்தத்தையும் நம்ம பேருக்கு எடுக்கணும். இன்னிக்கு அறிக்கை போற வரைக்கும் எனக்கு அந்த அதிகாரம் இருக்கு. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"அளவு பிரச்சினையில்லை, சாரு. வாசல் பிரச்சினை. ஒரு டிரைவரோட புகை கம்பெனியோடதுன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு ஆயிரத்தெட்டு டிரைவர் வருவாங்க. ஜீரோ போகும். ஜீரோ போனா ஏற்றுமதிக்காரன் ஒருத்தன் நமக்கு லோடு தர மாட்டான். இத்தனை பேருக்கும் வேலை போகும். நான் கெட்டவனாத் தெரியலாம். ஆனா யோசிச்சுப் பாருங்க." பிறகு ஜீவரேகாவிடம் குனிந்து, கனிவாகச் சொன்னார். "அம்மா, நினைவுக்காடு ரொம்ப கௌரவமான இடம். அப்பா ஒரு மரமா நிப்பார்."

"அந்த மரம் கரிய உறிஞ்சுமாங்க?"

"கண்டிப்பா. அதுதானே அழகு."

"உறிஞ்சற கரி யாரு கணக்குல வருங்க?"

சபாபதி சாருலதாவைப் பார்த்தார்.

"கம்பெனி கணக்குல" என்றாள் சாருலதா.

ஜீவரேகா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உசுரோட இருக்கறப்ப பொகை எங்கப்பனுக்கு. செத்தப்பறம் மரம் உங்களுக்கா?"

தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

சாருலதா கணினியைத் திறந்தாள். விரல்கள் வேகமாக நகர்ந்தன. பொன்னுரங்கம். மறு ஒதுக்கீடு. முழுவதும். புதிய முடிவெடுத்தவர்: வாகை சரக்குப் போக்குவரத்து நிறுவனம்.

திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு கேட்டது.

‘முடிவெடுத்தவரின் கட்டைவிரலை இங்கே வைக்கவும்.’

சாருலதா கணினியைச் சபாபதியின் முன் நீட்டினாள்.

சபாபதி தன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். அவசரமில்லாமல், இயல்பாக, குளிருக்கு விடுவது போல. அந்தப் புழுக்கத்தில்.

"கம்பெனிக்குக் கட்டைவிரல் கிடையாது, சாரு" என்றார். "அதனாலதான் அது கம்பெனி."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. திரையில் வட்டம் மின்னிக்கொண்டே இருந்தது. யாராவது ஒருவருடைய விரல். அதற்கு அவ்வளவுதான் வேண்டும்.

சாருலதாவின் மகள் நிவேதிதா மெல்போர்னில் இருந்தாள். நிறைமாதம். அந்தப் பயணத்துக்காகவே சாருலதா வருடக்கணக்காகக் கேஸ் அடுப்பைத் தொடாமல், ஊருக்கு ரயில் ஏறாமல், தன் வரம்பைச் சேர்த்துவைத்திருந்தாள். பயணப் பெட்டிகூடத் தயார். அதில் குழந்தைக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த துணிகள் இருந்தன.

அவள் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சாரு, என்ன பண்றீங்க? சாரு!"

வட்டத்தின் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

‘ஏற்கப்பட்டது’ என்றது திரை.

உள்ளே, தகன மேடையில், யாரும் தொடாமலே பச்சை விளக்கு எரிந்தது.

*

தகன மேடையின் புகைபோக்கியிலிருந்து மெல்லிய சாம்பல் நிறக் கோடு ஒன்று மேலே போயிற்று. சாருலதா அதைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றாள். இத்தனை வருடம் புகையைப் பற்றி அறிக்கை எழுதியவள், ஒரு புகையை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஜீவரேகா வந்து பக்கத்தில் நின்றாள். ஈரத் தலை. கொள்ளி வைத்த கை.

"எங்கப்பா மனசாரக் குடுத்தாருங்க. நீங்க எதுக்கு மேடம்?"

"‘புறப்படும் முடிவு ஓட்டுநருடையது’ன்னு ஒரு வரி இருக்கு, நம்ம கம்பெனி விதியில. அதை எழுதினது நான்தான்."

ஜீவரேகா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "நாளைக்குக் கூடுதுறையில சாம்பலக் கரைக்கறோம்" என்றாள். "பவானி பஸ்ஸு மின்சாரம்தான். அதுக்கு வரம்பு கேக்க மாட்டாங்க. வாங்க."

மறுநாள் சாருலதா போனாள். சென்னை விழாவுக்குப் போகவில்லை. அதே நேரத்தில் அங்கே மேடையில் அறிக்கை வெளியாகிக்கொண்டிருந்தது. வாகை நிறுவனத்தின் புகை: ஜீரோ. அது பொய் இல்லை. பொன்னுரங்கத்தின் புகை மொத்தமும் இப்போது சாருலதா என்கிற தனிநபருடையது. நிறுவனத்தில் ஒரு துளிகூட ஒட்டவில்லை.

அடுத்த வாரம் அவள் வேலையை விட்டாள். அதற்கடுத்த வாரம் நிவேதிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போன் திரையில், மூடிய இமைகளோடு, உள்ளங்கை அகல முகம்.

"எப்பம்மா வர்றே?" என்றாள் நிவேதிதா.

"நீ இவளைக் கூட்டிட்டு வா" என்றாள் சாருலதா. அதற்கு மேல் விளக்க முடியவில்லை.

*

மழைக்காலம் முடிந்து சபாபதியிடமிருந்து போன் வந்தது.

"நல்லா இருக்கீங்களா சாரு? ஒரு நல்ல சேதி. நீங்க அன்னிக்குச் செஞ்சது வீண் போகலை."

"சொல்லுங்க சார்."

"அந்த மறு ஒதுக்கீட்டை அரசாங்கத்துல பாத்துட்டாங்க. ஒரே ஆள் பேர்ல இவ்வளவு புகை எப்படின்னு தோண்ட ஆரம்பிச்சாங்க. கை வெச்சுக் குடுக்கறது வெளியில வந்துடுச்சு. இப்போ புது விதி. டிரைவருங்க விரல் வைக்கக் கூடாது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரே ஒருத்தரை ‘முடிவு அலுவலர்’னு பதிவு பண்ணணும். அத்தனை வண்டிக்கும் அவர் விரல்தான். அவர் வைக்காம ஒரு வண்டி கிளம்பாது. இடையில மாத்தவும் முடியாது. அறிக்கை ஆண்டு முடியற வரைக்கும் அவரேதான்."

"அப்போ புகை மொத்தம் அவர் பேர்லதான் ஏறும்."

"ஆமா. அதனால சின்ன வயசுக்காரங்க யாரையும் போட மனசு வரலை எனக்கு." குரலைத் தாழ்த்தினார். "உங்க கணக்குதான் ஏற்கெனவே போயிடுச்சே சாரு. இன்னும் கொஞ்சம் ஏறினா என்ன?"

சாருலதா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். இதே வாக்கியத்தை ஒரு தார்ப்பாயின் கீழே கேட்டிருக்கிறாள். செங்கோடன் வாயில். அதை முதலில் சொன்னவர் அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

"டிரைவருங்க பேர்ல எதுவும் ஏறாதே?"

"ஒரு கிராம்கூட ஏறாது. அவங்களுக்கெல்லாம் நிம்மதி. நினைச்சுப் பாருங்க, எவ்வளவு பெரிய புண்ணியம்."

"முடிவு?"

"என்ன முடிவு?"

"முடிவு சட்டப்படி முழுக்க என்னுடையதா?"

"முழுக்க" என்றார் சபாபதி உற்சாகமாக. "அதுல யாரும் தலையிட முடியாது. தலையிட்டா அவங்களும் முடிவெடுத்தவங்க ஆயிடுவாங்க, இல்லையா?" சிரித்தார். "பொறுப்பு முழுக்க உங்களுடையது. பதிவு பண்ணிடலாமா?"

"பண்ணுங்க சார்" என்றாள் சாருலதா.

*

பதவியேற்ற அன்று காலை யார்டு வாசலில் அவளுக்கு ஒரு சிறிய கண்ணாடி அறை கொடுத்திருந்தார்கள். சுழல் நாற்காலி. முன்னால் திரை. மேசையில் சபாபதி அனுப்பிய பூங்கொத்து. லோடு ஏற்றிய லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. முதல் லாரி செங்கோடனுடையது.

திரை கேட்டது. ‘புறப்படலாமா?’

சாருலதா ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள்.

"செங்கோடன், என்ன லோடு?"

"பலூனுங்க மேடம். பொறந்தநாள் சாமான். பெங்களூருக்கு. இன்னிக்கே வேணும்னு ஆர்டர்."

"ராத்திரி தூங்கினீங்களா?"

செங்கோடன் காதில் விழாதவன்போல் பார்த்தான். என்ஜின் சத்தம். அவள் மறுபடியும் கேட்டாள். இந்த யார்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. திரையிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

"எங்கிட்டயா கேக்கறீங்க?"

"உங்ககிட்டத்தான்."

"இல்லைங்க. விஜயவாடாவுலேருந்து இப்பத்தான் வந்தேன்."

"அப்போ போய்த் தூங்குங்க."

"பலூனு?"

"பலூன் நாளைக்குப் போகட்டும். வண்டியை ஓரமாப் போடுங்க."

அடுத்த லாரி முன்னால் வந்தது. மருத்துவமனைக்கான ஆக்சிஜன் உருளைகள். ஓட்டுநர் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, திருநீறு பூசி வந்திருந்தான். சாருலதா விரலை வைத்தாள். அந்தப் புகை அவளுடையது. வாங்கிக்கொள்வதில் அவளுக்கு வருத்தம் இல்லை. அந்த லாரி போனது.

அடுத்தது போகவில்லை. அதற்கடுத்ததும் போகவில்லை.

வெயில் ஏறுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைவரை நீண்டுவிட்டது. சபாபதி ஓடிவந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சாரு, என்ன இது? விரலை வைங்க! ஏற்றுமதிக்காரன் எல்லாம் போன்மேல போன் போடறான்!"

"வைக்கச் சொல்றீங்களா சார்?"

"ஆமாங்கறேன்!"

"அப்போ முடிவு உங்களுடையது." திரையை அவர் பக்கம் திருப்பினாள். வட்டம் மின்னியது. "நீங்களும் விரலை வைக்கலாம். சேர்த்துப் பதிவு பண்ணிக்கும். விதியில இருக்கு."

சபாபதியின் கைகள் தாமாகவே பேண்ட் பைக்குள் போயின.

சாருலதா அதைப் பார்த்தாள். அன்று அவள் குர்தா போட்டிருந்தாள். அதிலும் பை இருந்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தன் வலது கையையும் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

வெளியே, அதுவரை என்ஜினை அணைக்காமல் ஓரமாகக் காத்திருந்த செங்கோடன் அதை நிறுத்தினான். வரிசையில் முதலாவதாக இருந்தவனும் நிறுத்தினான். சத்தம் ஒவ்வொரு லாரியாக அடங்கிக்கொண்டே நெடுஞ்சாலைப் பக்கம் போயிற்று. யாரோ ஒருவன் வண்டியிலிருந்து தார்ப்பாயை இறக்கினான். ஜீவரேகாவின் பட்டறையில் தைத்த பச்சைத் தார்ப்பாய். இரண்டு லாரிகளுக்கு நடுவே அதை இழுத்துக் கட்டினார்கள்.

அந்த நிழலில் செங்கோடன் துண்டை விரித்துப் படுத்தான். பக்கவாட்டிலிருந்து வெயில் கண்ணில் அடித்தும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் அவன் குறட்டை கண்ணாடி அறைவரை கேட்டது.